பெங்களூரில் தபால் ஓட்டு: யாருக்கு உண்டு, எப்படிப் போடுவது

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே எங்கள் தெருவில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். “டீச்சர், தபால்ல ஓட்டு போடலாமாமே? ஊர்ல இருக்கிற ஓட்டை இங்கிருந்தே அனுப்பிடலாமா?”

அல்சூர் ஏரிக்கும் சோமேசுவரர் கோயிலுக்கும் இடைப்பட்ட தெரு எங்களுடையது. பாதிப் பேருக்குப் பூர்வீகம் வேலூர், திருப்பத்தூர், தர்மபுரி பக்கம். நான் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பூத்திலும் உட்கார்ந்திருக்கிறேன், எண்ணும் மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி என் வாசலுக்குத்தான் வரும்.

பதில்: முடியாது. வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்களுக்கு நம் நாட்டில் தபால் ஓட்டு கிடையாது. அமெரிக்காவில் ஓரிகான் மாதிரி மாநிலங்களில் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஓட்டுச் சீட்டு வீடு தேடி வருகிறது. அங்கே இருக்கிற பிள்ளைகள் அதைச் சொல்லப்போய்தான் இங்கே பாதிக் குழப்பம். இந்தியக் குடிமக்களாகவே வெளிநாட்டில் இருக்கும் அந்தப் பிள்ளைகளும் 6ஏ படிவத்தில் பெயர் சேர்க்கலாமே தவிர, ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். வெளியூர் ஓட்டுக்கென்று ஒரு மெஷினைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டுக் காட்டியது. 72 தொகுதிகளை ஒரே மெஷினில் கையாளலாம் என்றார்கள். கட்சிகள் எதிர்த்தன, அது அப்படியே நின்றுவிட்டது.

அப்போ என்ன செய்வது? இரண்டு வழி. ஓட்டு ஊரிலேயே இருக்கட்டும் என்றால் அன்றைக்குப் பஸ் ஏற வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி படி ஓட்டுப்பதிவு நாளன்று சம்பளத்தோடு லீவு உண்டு. தினக்கூலிக்கும் அது பொருந்தும், வேறு தொகுதியில் ஓட்டு இருப்பவருக்கும் பொருந்தும். மேஸ்திரியிடமோ ஹெச்.ஆரிடமோ பிரிவு எண்ணோடு கேளுங்கள், பேச்சே மாறும். இல்லை, இங்கேயே நிரந்தரமாகிவிட்டோம் என்றால் படிவம் 8 கொடுத்து ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம். அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று வைத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தே பொய்யாக எழுதிக்கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை உண்டு.

சரி, தபால் ஓட்டு யாருக்குத்தான் உண்டு?

பட்டாளத்துக்காரர்களுக்கு உண்டு. எங்கள் ஏரிக்கரையில் இருக்கும் எம்.இ.ஜி., அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் தமிழ்ப் பையன்கள் நிறைய. அவர்கள் சொந்த ஊர்த் தொகுதியில் ‘சர்வீஸ் வோட்டர்’ என்று பதிந்துகொள்ளலாம். ராணுவத்துக்குப் படிவம் 2, வெளிமாநிலத்தில் பணியாற்றும் மாநில ஆயுதப் போலீசுக்கு 2ஏ, வெளிநாட்டில் இருக்கும் அரசு ஊழியருக்கு 3. கூடவே குடியிருக்கும் மனைவிக்கோ கணவருக்கோ இந்த உரிமை உண்டு, மகனுக்கும் மகளுக்கும் கிடையாது. ஓட்டுச் சீட்டு அவர்களுக்கு இணையம் வழியாக வருகிறது. இந்த முறை முதன்முதலில் 2016இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் வந்தது. ஓ.டி.பி. போட்டு இறக்கி, பின் நம்பர் போட்டுத் திறந்து, அச்செடுத்து, குறியிட்டு, உறையில் வைத்துத் தபாலில் போட வேண்டும். ஸ்டாம்ப் செலவு இல்லை. எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் அது வெறும் காகிதம். உறையிலும் உறுதிமொழியிலும் இருக்கும் க்யூஆர் கோடை எண்ணும் இடத்தில் ஸ்கேன் செய்வார்கள், அதனால் அங்கே மடிப்பும் கசங்கலும் வேண்டாம்.

தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் உண்டு. டீச்சர், கிளார்க், போலீஸ் எல்லோரும் இதில் அடக்கம். முதல் பயிற்சி வகுப்பிலேயே படிவம் 12 கொடுப்பார்கள், அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்பு சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் சாவகாசமாக அனுப்பினோம். 2023இல் விதியைத் திருத்திய பிறகு அது நடக்காது, அதற்கென்று வைத்திருக்கும் வசதி மையத்திலேயே வாங்கி, போட்டு, கொடுத்துவிட்டு வர வேண்டும். ஓட்டு இருக்கும் தொகுதியிலேயே வேலையும் விழுந்தால் தபால் தேவையில்லை. படிவம் 12ஏ கொடுத்து டியூட்டி சான்றிதழ் வாங்கிக்கொண்டால், வேலை பார்க்கும் பூத்திலேயே மெஷினில் போடலாம்.

ரயில்வே, ஆம்புலன்ஸ், பத்திரிகை மாதிரி அத்தியாவசியப் பணிக்காரர்களில் யார் யாருக்கு என்று அந்தந்தத் தேர்தலுக்கு ஆணையம் அறிவிக்கும். அவர்கள் தங்கள் துறையில் இதற்கென்று நியமித்திருக்கும் நோடல் அதிகாரி மூலமாகப் போக வேண்டும்.

மீதி இருப்பது வீட்டுக்கு ஓட்டு வரும் வழி. தெருக்காரர்களுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான். 85 வயதுக்கு மேற்பட்டவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்கள் இவர்களுக்கு இது உண்டு. கர்நாடகத்தில் 2023 சட்டசபைத் தேர்தலில்தான் முதன்முதலாக வந்தது. அப்போது வரம்பு 80. 2024 மார்ச்சில் 85 ஆக உயர்த்திவிட்டார்கள். “போன தடவை வீட்டுக்கு வந்தாங்களே, இந்தத் தடவை ஏன் வரலை?” என்று கேட்கும் எண்பத்திரண்டு வயதுத் தாத்தாக்களுக்குக் காரணம் அதுதான்.

இதற்கான படிவம் 12டி. எல்லாமே தேதியில்தான் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். தேர்தல் தேதியை டிவியில் சொல்வது ஒன்று, அரசிதழில் முறைப்படி அறிவிக்கை வெளியாவது இன்னொன்று. 2023இல் தேதியை அறிவித்தது மார்ச் 29, அறிவிக்கை வந்தது ஏப்ரல் 13, ஓட்டுப்பதிவு மே 10. அறிவிக்கை வந்த நாளுக்கு அடுத்த ஐந்து நாளுக்குள் 12டி தேர்தல் நடத்தும் அலுவலர் கையில் இருக்க வேண்டும். ஓட்டுப்பதிவுக்குத்தான் இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் போச்சு. பி.எல்.ஓ., அதாவது உங்கள் பூத்துக்கான வாக்குச்சாவடி நிலை அலுவலர், வீட்டுக்கே வந்து படிவம் கொடுத்து வாங்கிப் போவார். அவர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடி ஊழியராகவோதான் இருப்பார். வரவில்லை என்றால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போட்டு அவர் பெயரையும் நம்பரையும் கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் வயது என்ன என்று பாருங்கள். பி.எல்.ஓ. கையில் இருக்கும் பட்டியல் அந்த வயதை வைத்துத்தான் தயாராகிறது. நம் பெரியவர்களுக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? கணக்கெடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து எழுதிய வயதுதான் பலருக்கு. எதிர்வீட்டு ஆயாவுக்குக் கொள்ளுப்பேரன் கல்லூரிக்குப் போகிறான், பட்டியலில் வயது 79. ஆதாரில் வயது சரியாக இருந்தால் அதை வைத்துப் படிவம் 8இல் திருத்தம் கேட்கலாம். தேர்தல் இல்லாத காலத்தில் செய்யும் வேலை இது. ஊனம் உள்ளவர் என்று பட்டியலில் குறிக்கச் சொல்வதும் அதே படிவம் 8தான்.

12டியில் கேட்பது கொஞ்சம்தான்: பெயர், விலாசம், வாக்காளர் அட்டை எண், பாகம் எண், வரிசை எண், போன் நம்பர். பாகமும் வரிசையும் தெரியாவிட்டால் அட்டை எண்ணை வைத்து ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் வந்துவிடும். பெயரைப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், கன்னடத்தில் எழுதும்போது இன்னொரு மாதிரி. திருத்துகிற இடம் இது இல்லை. ஊனமுற்றவர் என்றால் சான்றிதழ் நகலும் சேர்க்க வேண்டும்.

கொடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். 12டி ஏற்கப்பட்டதும் பட்டியலில் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் மனசு மாறி பூத்துக்குப் போனால் மெஷினில் போட விட மாட்டார்கள். என்னைக் கேட்டால், ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிற பெரியவரை பூத்துக்கே கூட்டிப்போங்கள் என்பேன். சாய்தளம் இருக்கும், வீல்சேர் இருக்கும், வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கடைசி நாள் வரைக்கும் யாருக்குப் போடுவது என்று யோசிக்கவும் நேரம் இருக்கும். வீட்டு ஓட்டு பிரச்சாரம் முடிவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 12டி படுக்கையில் இருப்பவர்களுக்கானது, படி இறங்க முடியாதவர்களுக்கானது.

வருகிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தேர்தல் அலுவலர்கள், ஒரு போலீஸ், ஒரு வீடியோகிராபர் என்று ஒரு கும்பலே வரும். வேட்பாளர்களின் ஏஜெண்டுகளும் கூட வந்து பார்க்கலாம், ஆனால் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அன்றைக்கு ஆள் இல்லை என்றால் இன்னொரு முறை வருவார்கள், அத்தோடு சரி. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளை அதற்குத் தகுந்த மாதிரி தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சமான இடத்தில் ஒரு மேஜை, மூக்குக் கண்ணாடி, வாக்காளர் அட்டை இவை தயாராக இருக்கட்டும்.

சீட்டு ஒன்று, காகிதம் ஒன்று, உறை இரண்டு வரும். 13ஏ உறுதிமொழி. 13பி சின்ன உறை. 13சி பெரிய உறை. முதலில் 13ஏயில் அலுவலர் முன்னால் கையெழுத்து, முடியாதவர் கைநாட்டு. சீட்டில் இருக்கும் எண்ணே 13ஏயிலும் 13பி மேலும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த வேட்பாளருக்கு நேரே ஒரு டிக். மடித்துச் சின்ன உறையில் போட்டு ஒட்டணும். ஒட்டிய சின்ன உறையும் உறுதிமொழியும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள் போகணும். 13ஏயை மறந்தும் சின்ன உறைக்குள் போடக் கூடாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எண்ணும் மேஜையில் நடப்பது இதுதான். காலை 8 மணிக்கு முதலில் எடுப்பது தபால் ஓட்டு, மெஷின் அரை மணி கழித்துத்தான். பெரிய உறையை வெட்டியதும் முதலில் தேடுவது 13ஏவை. அது இல்லையா, கையெழுத்து இல்லையா, எண் பொருந்தவில்லையா, அங்கேயே நிராகரிப்பு. சின்ன உறையைப் பிரிக்கவே மாட்டோம். உள்ளே ஓட்டு ஒழுங்காகத்தான் விழுந்திருக்கும், ஒருத்தர் பெட்டிக்கும் போகாது. ஒட்டினது ஒட்டினபடியே கட்டுக்குள் போய்விடும்.

பிரித்த பிறகும் தள்ளுபடி ஆவது உண்டு. இரண்டு பேருக்கு டிக் போட்டது, யாருக்குமே போடாதது, போட்டவர் யார் என்று காட்டும்படி ஏதாவது எழுதியது. இந்தக் கடைசிதான் நம் பெரியவர்களுக்கு ஆபத்து. ரேஷன் கடை, பென்ஷன், பேங்க் என்று சர்க்கார் காகிதம் எதைக் கண்டாலும் கைநாட்டு வைத்தே பழகின விரல். சீட்டிலும் வைத்துவிடுவார்கள். முந்தின நாளே ஒரு வெள்ளைத்தாளில் ஐந்தாறு கோடு போட்டு, ஒரு கட்டத்தில் மட்டும் டிக் போடச் சொல்லிப் பழக்குங்கள். நாட்டு வைப்பது உறுதிமொழியில், டிக் போடுவது சீட்டில்.

இன்னொன்று, இது வீட்டு ஆட்களுக்கு. “அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, நானே போட்டுடறேன்” என்று மகன்கள் முன்னால் வந்து நிற்பார்கள். பார்வை இல்லாதவரோ, பேனா பிடிக்கக்கூட முடியாத அளவு தளர்ந்தவரோதான் வயது வந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அவரும் அம்மா சொன்ன ஆளுக்குத்தான் போட வேண்டும், வெளியே சொல்லக் கூடாது. பேனா பிடிக்க முடிகிறது என்றால் அம்மா தனியாகத்தான் போட வேண்டும். மறைப்பு அட்டை வைப்பார்கள், வீடியோக்காரர் குறியிடுவதை எடுக்கக் கூடாது. பிள்ளைகள், மருமகள்கள், எட்டிப் பார்க்கும் பேரன் எல்லோரும் அந்த ஐந்து நிமிஷம் சமையல்கட்டுக்குப் போங்கள். போகச் சொல்லும்படி அலுவலரிடம் அம்மாவே கேட்கலாம், அது அவருடைய உரிமை. நாற்பது வருஷமாக வீட்டில் சொன்ன கட்சிக்குத்தான் போட்டாரா என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கார்ப்பரேஷன் தேர்தலுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்னதெல்லாம் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும், அதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். பெங்களூர் மாநகராட்சிக்கு 2015க்குப் பிறகு பல வருஷம் தேர்தலே நடக்கவில்லை. 2025இல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். அந்தத் தேர்தலை நடத்துவது கர்நாடக மாநிலத் தேர்தல் ஆணையம். அலுவலகம் வேறு, விதி வேறு. வார்டு அலுவலகத்தில் கேட்காமல் 12டி கொடுத்துவிட்டோம் என்று நம்பி இருக்க வேண்டாம்.

12டி கொடுத்தும் யாரும் வரவில்லை என்றால் ஓட்டுப்பதிவு நாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள். வீட்டு ஓட்டுக்கு ஒரு கடைசி நாள் உண்டு. 2023இல் மே முதல் வாரத்திலேயே முடித்துவிட்டார்கள். அந்தத் தேதியை பி.எல்.ஓ.விடம் முதல் நாளே கேட்டுக் காலண்டரில் குறித்து, அதற்கு இரண்டு நாள் முன்பே 1950க்கும் தேர்தல் நடத்தும் அலுவலர் ஆபீசுக்கும் போன் போட்டுவிடுங்கள். கன்னடத்தில் பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.