கோரையில் புனித பிரிஜிட் சிலுவை பின்னுவது எப்படி?

அயர்லாந்தில் பிப்ரவரி 1 புனித பிரிஜிட் திருநாள். முந்தின நாள் மாலையில் வீட்டோடு உட்கார்ந்து கோரையில் ஒரு சிலுவை பின்னி, வாசல் நிலைக்கு மேலே மாட்டுவார்கள். நான் இங்கே வந்த முதல் வருடம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கட்டுக் கோரையைக் கொடுத்து, பின்னச் சொன்னார். சின்ன வயதில் குருத்தோலை ஞாயிறுக்கு ஓலைச் சிலுவை மடித்துப் பழகிய கை என்பதால் தைரியமாக உட்கார்ந்தேன். மூன்று தடவை நடுவிலேயே அவிழ்ந்துபோனது. காரணம் ஒரே ஒரு இடம்தான். அதைக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

முதலில், இது ஏன் சிலுவை? பிரிஜிட் 5-ஆம் நூற்றாண்டில் பிறந்து, 525 வாக்கில் இறந்தவர் என்பது மரபு. கில்டேரில் ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த துறவு மடத்துக்குத் தலைவி. புனித பேட்ரிக், புனித கொலும்பா இவர்களோடு சேர்த்து இவரும் அயர்லாந்தின் பாதுகாவலர். சாகக் கிடந்த ஒரு தலைவனின் படுக்கையருகே உட்கார்ந்திருந்தபோது, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துச் சிலுவை பின்னி, அதை வைத்தே கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னார் என்பது கதை. அந்தக் காலத்து வீடுகளில் தரைக்கு விரிப்பே கோரைதான். காலடியில் கிடந்ததை எடுத்துப் பின்னியிருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

சரி, கோரைக்கு வருவோம். இங்கே ஈர வயல்களில் தானாக முளைக்கும். நம் ஊர்ப் பாய்க்கோரைக்குத் தூரத்துச் சொந்தம் போலத் தெரியும். உள்ளே பஞ்சு போல வெள்ளைச் சோறு இருப்பதால் மடித்தால் ஒடியாது, அமுங்கும். அரிவாளால் அறுக்கக்கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். பச்சையாக, கொஞ்சம் தடிமனாக, நுனியில் பூ இல்லாத தண்டாகப் பாருங்கள். ஒரு முழத்துக்குக் குறையாத நீளம் வேண்டும். நடுவில் நிற்க 1, சுற்றுவதற்கு 28. பக்கத்துக்கு 7 மடிப்பு வரும். 16 தண்டிலும் முடிக்கலாம், ஆனால் நடுச் சதுரம் ஒல்லியாக இருக்கும். பிடுங்கிய மறுநாளுக்குள் பின்னிவிடுங்கள். காய்ந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்.

இனி பின்னல்.

1. ஒரு தண்டை இடது கையில் நேராக நிறுத்திப் பிடியுங்கள்.

2. இன்னொரு தண்டைச் சரிபாதியாக மடித்து, நிற்கும் தண்டின் நடுவில் சுற்றிப் போடுங்கள். இரண்டு நுனியும் வலது பக்கம் பார்க்கட்டும். சந்திப்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள்.

3. மொத்தத்தையும் கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் கால் வட்டம் திருப்புங்கள். வலது பக்கம் இருந்த நுனிகள் இப்போது மேலே நிற்கும்.

4. அடுத்த தண்டை மடித்து, மேலே நிற்பதைச் சுற்றிப் போடுங்கள். நுனி மறுபடி வலது பக்கம். நடுவை நோக்கி இறுக்கித் தள்ளி, மறுபடி கால் வட்டம் திருப்புங்கள்.

அவ்வளவுதான், கடைசித் தண்டு வரை இதேதான். ஆனால் 4-ஆம் படியில்தான் எனக்கு மூன்று தடவையும் போனது. முதல் சுற்றில் மேலே ஒன்றிரண்டு தண்டுதான் நிற்கும், தடுமாற்றம் இருக்காது. இரண்டாம் சுற்றில் சிலுவையின் அந்தக் கையில் பழைய மடிப்பும் இருக்கும், புது மடிப்பும் இருக்கும். நான் புதிதாகப் போட்டதை மட்டும் சுற்றி மடித்தேன். பழையது பிடிமானம் இல்லாமல் நழுவியது. மேலே எத்தனை தண்டு நின்றாலும் அத்தனையையும் ஒரே பிடியாகச் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். பாட்டி என் கட்டைவிரலைப் பிடித்து நடுவில் வைத்து, எல்லாத் தண்டும் இந்த விரலுக்கு அடியில் இருக்க வேண்டும் என்றார். அப்புறம் அவிழவே இல்லை. ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு நடுவைப் பாருங்கள்: பின்னல் சாய்சதுரமாக, இடைவெளி இல்லாமல் வளர வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் அந்த ஒரு மடிப்பை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். பின்னால் சரியாகிவிடும் என்று விட்டால் சரியாகாது.

முடிந்ததும் நான்கு கைகளையும் ரப்பர் பேண்டால் பிடித்து, பிறகு சணல் நூலால் இறுக்கிக் கட்டி, ரப்பர் பேண்டைக் கழற்றிவிடுங்கள். ரப்பரோடு விட்டால் கோரை காயக் காயச் சுருங்கும், ரப்பர் சில மாதத்தில் அறுந்துவிடும். பளபள ரிப்பனும் வேண்டாம், கோரையின் நிறம் பச்சையிலிருந்து வைக்கோலுக்கு மாறுவதுதான் அழகு. நுனிகளைக் கட்டிய பிறகு வெட்டுங்கள், முன்னால் வெட்டினால் கட்டப் பிடி கிடைக்காது.

அந்த இரவுக்கென்று வேறு வழக்கங்களும் உண்டு. டோனகல் பக்கம் ஒருவர் கோரைக் கட்டோடு வெளியே நின்று, முழந்தாளிடுங்கள், கண்ணைத் திறங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள் என்று கூப்பிடுவார். உள்ளே இருப்பவர்கள் வரவேற்றுக் கதவைத் திறப்பார்கள். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு சாப்பிட்ட பிறகே பின்னல் தொடங்கும். ஜன்னல் விளிம்பிலோ புதரிலோ ஒரு துணியை இரவு முழுக்க வெளியே போட்டுவைப்பார்கள். அன்றிரவு பிரிஜிட் அந்த வழியே போகையில் துணியை ஆசீர்வதிப்பார் என்பது நம்பிக்கை. தலைவலிக்கும் தொண்டை வலிக்கும் அந்தத் துணியை எடுத்துக் கட்டுவார்கள், பசு கன்று ஈனும்போதும் மேலே போடுவார்கள். ஐரிஷ் மரபில் அன்றுதான் வசந்தம் தொடங்குகிறது. வெளியே இன்னும் பல் கிட்டும் குளிர் இருக்கும், ஆனால் ஆட்டுக்குட்டிகள் பிறக்கத் தொடங்கியிருக்கும். 2023 முதல் இந்த நாளுக்காக அரசு விடுமுறையும் உண்டு. ஒரு பெண்ணின் பெயரில் இந்த நாட்டில் வந்த முதல் பொது விடுமுறை இது. பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக இருந்தால் அன்றே, இல்லையென்றால் பிப்ரவரி முதல் திங்கள்.

சிலுவையை வாசலுக்கு மேல் உட்பக்கமாக மாட்டுங்கள். தீயும் பசியும் வீட்டை அண்டாமல் இருக்க என்பார்கள். மாட்டுத் தொழுவத்துக்கும் ஒன்று பின்னும் வழக்கம் இருந்தது.

சேர்த்தது: நீங்கள் கேட்டவற்றில் நான்கு விஷயம்.

சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தாவும் இவரும் ஒருவரா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அவர் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், அவர் திருநாள் ஜூலை 23.

சென்னையிலிருந்து ஒரு வாசகி தென்னை ஈர்க்கில் முயன்று, மடிக்கும்போதே ஒடிகிறது என்றார். ஈர்க்கு வேண்டாம். பச்சைக் கோரை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் காகித ஸ்ட்ராவைத் தட்டையாக்கி மடியுங்கள். குழந்தைகளுக்குக் கைவினைக் கடையில் விற்கும் பஞ்சு சுற்றிய கம்பி போதும், அது நழுவாது.

இடது கைப் பழக்கம் உள்ள ஒருவருக்குப் பின்னல் தலைகீழாக வருகிறதாம். வலது கையில் பிடித்து, நுனியை இடப்பக்கம் விட்டு, கடிகாரத் திசையில் திருப்புங்கள். கண்ணாடியில் பார்ப்பது போன்ற சிலுவை வரும், அதுவும் சரியான சிலுவைதான். தொடங்கிய திசையை மட்டும் நடுவில் மாற்றாதீர்கள்.

பழைய சிலுவையை என்ன செய்வது என்ற கேள்விக்கு: முன்பு கூரைச் சட்டத்தில் செருகி வைப்பார்கள், வருடத்துக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். என் வீட்டில் கூரைச் சட்டம் இல்லை. பழையதைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, அதே ஆணியில் புதியதை மாட்டுகிறேன்.