ஸ்டோர்ரூமில் கிடக்கும் பழைய டிஸ்கெட்டைப் பயமில்லாமல் திறப்பது எப்படி

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் சித்தப்பா வீட்டு ஸ்டோர்ரூமைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின்னில் முப்பது டிஸ்கெட் (ஃப்ளாப்பி) கிடைத்தன. எல்லாம் 1990களில் அவர் அடித்த கல்யாணப் பத்திரிகைகள், விழா மலர்கள், கூடவே யாரிடமோ நகல் எடுத்த கேம்கள். "வைரஸ் இருந்தாலும் இத்தனை வருஷத்தில் செத்திருக்கும்டா" என்றார். சாகாது சித்தப்பா. டிஸ்கில் எழுத்து படிக்கும்படி இருந்தால் வைரஸும் அப்படியேதான் இருக்கும். அதனால் டிரைவில் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் டிஸ்கெட்டைப் பூட்டுங்கள். மூன்றரை அங்குல டிஸ்கெட்டின் மூலையில் நகரும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும், அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் அதில் எதையும் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலத்தில் நேர்எதிர், ஓரத்து வெட்டின் மேல் டேப் ஒட்டினால்தான் பூட்டு. எழுத விடாமல் தடுப்பது டிரைவின் வேலை, எந்த வைரஸாலும் அதை ஏமாற்ற முடியாது.

அடுத்தது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் வைரஸைவிட இதுதான் அதிகம். உலோக மூடியை விரலால் நகர்த்தி, பின்பக்க வட்டத்தை மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று இல்லாமல் மங்கலாகப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள். டிரைவில் போட்டால் படிக்கும் முனையில் அழுக்கு ஒட்டி அடுத்த டிஸ்கெட்டையும் கீறிவிடும்.

இப்போது முக்கியமான விஷயம்: டிஸ்கெட் உள்ளே இருக்கும்போது கணினியை ஆன் செய்யாதீர்கள். அந்தக் காலத்து வைரஸ்களில் பல, டிஸ்கெட்டின் முதல் 512 பைட்டில், கணினி ஆன் ஆனதும் முதலில் படித்து ஓட்டும் பூட் செக்டாரில், குடியிருந்தவை. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் அந்த வகைதான், நியூசிலாந்தில் பிறந்த ஸ்டோன்டும் அதே ஜாதி. டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) இல்லாத வெறும் டேட்டா டிஸ்கெட்டாக இருந்தாலும் ஆபத்துதான். நான் படித்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஒருத்தர் டிஸ்கெட்டை டிரைவிலேயே விட்டுப் போனார், மறுநாள் காலையில் ஆன் செய்தால் 'நான்-சிஸ்டம் டிஸ்க்' என்று வந்தது, வெளியே எடுத்துவிட்டு ஏதோ கீயைத் தட்டினோம், அவ்வளவுதானே என்று நினைத்தோம். அந்தச் செய்தி திரையில் வரும் முன்பே வைரஸ் ஓடி ஹார்ட் டிஸ்கில் ஏறிவிட்டிருந்தது. ஒரே வாரத்தில் வகுப்பில் எல்லார் டிஸ்கெட்டிலும் அதே சனியன்.

சரி, பிரதி எடுப்போம். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செருகுங்கள். அது மூன்றரை அங்குலத்துக்கு மட்டும்தான், ஐந்தேகாலுக்குப் பழைய டிரைவோடு அதை யுஎஸ்பியில் இணைக்கும் கிரீஸ்வீசல் மாதிரி ஒரு போர்டு வேண்டும். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாக இழுக்காமல் வின்இமேஜ் அல்லது லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரல் கொண்டு முழு டிஸ்கெட்டையும் ஒரே இமேஜாக, அதாவது அச்சு அசல் நகலான ஒரே கோப்பாக, எடுங்கள். 1.44 எம்பி டிஸ்கெட் என்றால் இமேஜ் சரியாக 1,474,560 பைட் இருக்க வேண்டும், குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது.

அந்த இமேஜை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்களை அப்படியே காட்டும் நிரல்) திறந்து முதல் 512 பைட்டைப் பாருங்கள், எனக்கு இது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. நல்ல டிஸ்கெட்டில் டாஸின் பெயரும் அந்த 'நான்-சிஸ்டம்' வாசகமும் தெரியும். சித்தப்பாவின் கேம் டிஸ்கெட் ஒன்றில் 'யுவர் பிசி இஸ் நவ் ஸ்டோன்ட்' என்று இருந்தது. அப்புறம் ஆன்டிவைரஸ் ஓட்டுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. வேர்டு கோப்புகளை மேக்ரோவை (கோப்புக்குள் இருக்கும் குட்டி நிரல்) அணைத்துவிட்டுத் திறங்கள், 1995இல் வந்த கான்செப்ட் முதல் மேக்ரோ வைரஸ்கள் வேர்டு கோப்புக்குள்ளேயே பரவின. கேம் ஆட ஆசையென்றால் டாஸ் கணினிபோல் நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலுக்குள் மட்டும்.

பழைய பிசியே உயிரோடு இருந்தால் டாஸில் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். மொத்த நினைவகம் 655,360 பைட் என்று வர வேண்டும். 653,312 என்று வந்தால் யாரோ 2 கேபியைத் திருடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம், ஸ்டோன்டும் மைக்கேலாஞ்சலோ என்ற வைரஸும் அப்படித்தான் செய்யும். (சில கணினிகளில் பயாஸ் என்ற உள்ளமைந்த நிரலே 1 கேபி எடுத்துக்கொள்ளும், பதறாதீர்கள்.) ஹார்ட் டிஸ்கின் பூட் நிரலைத் திரும்ப எழுதும் எஃப்டிஸ்க் எம்பிஆர் கட்டளை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எவராவது சொன்னால் உடனே செய்யாதீர்கள். மங்கி வைரஸ் இருந்தால் பார்ட்டிஷன் விவரத்தை (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) அதுதான் ஒளித்து வைத்திருக்கும், அதை இப்படித் துடைத்தால் ஹார்ட் டிஸ்கே காணாமல் போகும். பிசியின் தேதியையும் பாருங்கள், மார்ச் 6 என்றால் மைக்கேலாஞ்சலோ டிஸ்கை அழிக்கும் நாள். 1992இல் பல லட்சம் கணினிகள் போய்விடும் என்று உலகமே அலறியது, கடைசியில் சில ஆயிரங்களோடு முடிந்தது.

கோப்பு திறந்ததும் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் அது வைரஸ் இல்லை. இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துரு. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் போடுங்கள். சித்தப்பா கோப்பில் எனக்கு மூன்றாவது எழுத்துருவில்தான் தமிழ் வந்தது, வந்ததும் முதல் வரியிலேயே மாப்பிள்ளை பெயரில் எழுத்துப்பிழை.