இறால் தொட்டியும் தானாக நிரப்பும் வாளியும்
கோடையில் மின்விசிறி ஓடினால் என் செர்ரி இறால் தொட்டியில் தினமும் அரை லிட்டர் ஆவியாகிவிடும். குழாய் நீரையே ஊற்றி வந்தேன். நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 220 இலிருந்து 410 ஆனது. தோலுரிக்கையில் சில இறால்கள் செத்தன.

சரி என்று உப்பு நீக்கிய ஆர்ஓ நீர், தொட்டியில் மட்டம் இறங்கினால் பம்பை ஓடவிடும் ஃப்ளோட் (மிதவை) சுவிட்ச், வாளியிலிருந்து நீரை ஏற்ற 12 வோல்ட் பம்ப் வாங்கினேன். முதல் இரவே தரையெல்லாம் வெள்ளம்! வாளியை உயரத்தில் வைத்திருந்ததால் பம்ப் நின்ற பிறகும் நீர் குழாய் வழியே தானாகவே கீழே இறங்கிக்கொண்டே (சைஃபன்) இருந்தது. வாளியைத் தரைக்கு இறக்கி, குழாய் முனையை நீர்மட்டத்துக்கு மேலே கட்டினேன். அப்புறம் ஒரு நத்தை ஃப்ளோட்டில் ஏறி உட்கார்ந்தது; மிதவை அழுந்தினால் பம்ப் நிற்காது. வலை சுற்றிவிட்டேன், பம்ப் நிற்காவிட்டாலும் அதிகம் வழியாதபடி வாளியும் இப்போது 3 லிட்டர்தான்.

வாரம் 10 சதவீத நீர் மாற்றம் மட்டும் இன்னும் கையால்தான். தாதுக்கலவை சேர்த்த ஆர்ஓ நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.