டொராண்டோவில் டிரினிடாட் சுதந்திர தினம் கொண்டாடுவது எப்படி?

கரீபியத் தீவு நாடான டிரினிடாட்-டொபேகோ பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது 1962 ஆகஸ்ட் 31 அன்று. அந்த ஊர் நண்பர்களோடு சேர்ந்து விழா எடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். 31 வார நாளில் வந்தால் பக்கத்துச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். டொராண்டோவில் கரிபானா என்ற கரீபியக் கார்னிவல் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் என்பதால் வாத்தியக்காரர்கள் கிடைப்பது சுலபம். லண்டன் என்றால் ஆகஸ்ட் கடைசியில் நாட்டிங்ஹில் கார்னிவல், நியூயார்க் என்றால் செப்டம்பர் முதல் திங்களன்று புரூக்ளின் ஊர்வலம், இரண்டோடும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் குறைவா? இறகு வைத்த கார்னிவல் உடைகளை விட்டுவிடுங்கள், முதல் செலவு ஸ்டீல்பேன் என்ற எஃகு டிரம் வாத்தியத்துக்குத்தான். பிரிட்டிஷ் அரசு 1880களில் பறையடித்து ஊர்வலம் போவதற்குத் தடை போட்டது. மக்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள், அப்புறம் பிஸ்கட் டின், கடைசியில் எண்ணெய் டிரம் என்று போய், 1930களின் இறுதியில் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த வாத்தியம் அது. நாட்டுச் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல்பேனை வைக்கப்போவதாக 2024இல் அரசே அறிவித்தது. வாத்தியம் வாசிக்கத் தொடங்குவதற்கு முன் இந்தக் கதையை மைக்கில் இரண்டு நிமிடம் சொல்லுங்கள், கேட்பவர்களுக்கு ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி கேட்கும்.

குழுவைக் கூப்பிடும்போது அடிச்சுருதி வாசிக்கும் பேஸ் பேனும் வருகிறதா என்று கேளுங்கள். அது பெரும்பாலும் ஆறு முழு டிரம், அதற்கு இடமும் லிஃப்டும் வேண்டும். வெயிலில் வைத்தால் சுருதி கெடும். குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ரப்பர் முனை வைத்த குச்சியை மட்டும் கொடுங்கள்.

சாப்பாட்டில் டபுள்ஸ் இல்லாமல் முடியாது. பாரா என்ற மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவே கடலைக் கறி வைத்தது அது. முதலில் பாரா: இரண்டு கப் மைதாவுக்கு அரை ஸ்பூன் மஞ்சள்தூள், கொஞ்சம் சீரகத்தூள், ஒரு ஸ்பூன் ஈஸ்ட், உப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பூரி மாவைவிட நன்றாகத் தளர, கையில் ஒட்டுகிற பதத்தில் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். கட்டை வேண்டாம், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சை அளவு உருண்டையை விரலால் தட்டிப் பரப்பி, சூடான எண்ணெயில் போட்டுச் சில நொடிகளில் திருப்பி எடுத்துவிட வேண்டும். மொறுமொறு என்று ஆனால் அது பாரா இல்லை. எடுத்ததும் துணியில் அடுக்கி மூடுங்கள், அந்த ஆவியில்தான் மெத்தென்று ஆகும். இரண்டு பாராவுக்கு நடுவே குழைய வெந்த கொண்டைக்கடலைக் கறி, மேலே புளிச் சட்னி, துருவிய மாங்காயில் செய்த குச்சேலா, வெள்ளரிக்காய், மிளகாய்ச் சாஸ். கடலையில் போட ஷாடோ பெனி இலை அவசியம். வியட்நாமியக் கடைகளில் கிடைக்கும், நீளமாக ரம்பப்பல் ஓரத்தோடு, கொத்தமல்லியைவிடத் தூக்கலாக மணக்கும். காரம் எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் போட வேண்டும், அங்கே தெருக்கடையில் அதுதான் வழக்கம்.

கூட்டம் பெரிதென்றால் கூடவே ஒரு அண்டா பெலாவ் என்ற கோழிச் சோறு. எண்ணெயில் சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகக் கருக்கி, கோழியை அதில் புரட்டி, அரிசி, பச்சைத் துவரை, தேங்காய்ப்பால் சேர்த்து வேகவிடுவது. சர்க்கரை கரியாகிவிட்டால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 1845 மே 30 அன்று முதல் கப்பலில் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் அங்கே போய் இறங்கினார்கள். பிறகு சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள், மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் இருக்கிறது. அதற்காக மைக்கைப் பிடித்து "இதெல்லாம் நம்மூர்ச் சாப்பாடுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். டபுள்ஸ் டிரினிடாட்டில் பிறந்தது, ஆப்பிரிக்கரும் இந்தியரும் சீனரும் சேர்ந்து உண்டாக்கிய நாடு அது, விழா அவர்களுடையது. அந்த ஊர்ப் பெரியவர் யாராவது வந்திருந்தால் மைக்கை அவரிடம் கொடுத்து, சின்ன வயதில் ஊரில் இந்த நாள் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

டொபேகோவை மறந்துவிடாதீர்கள், அந்தத் தீவுக்காரர்களுக்கு இது பழைய மனக்குறை. நண்டுக் கறியும் டம்ப்ளிங் என்ற வேகவைத்த மாவுத் துண்டுகளும் ஒரு பாத்திரம் வையுங்கள், பாட்டுப் பட்டியலில் அங்கே பிறந்த பாடகி கலிப்ஸோ ரோஸ் கட்டாயம் இருக்கட்டும். டிரினிடாட்டின் பழைய பாட்டு வகையான கலிப்ஸோவில் தொடங்கி, சாப்பாடு முடிந்ததும் அதிலிருந்து வந்த வேகமான சோகா, கடைசியில் அங்கத்து இந்திய வம்சாவளியினரின் சட்னி இசை என்று போட்டால் வயதானவர்களும் எழுந்து ஆடுவார்கள். ஹாலை எத்தனை மணிக்குக் காலி செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மிச்சப் பெலாவைப் பொட்டலம் கட்டத் தொடங்குங்கள்.