ஆள் போன தடம்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு பனிச்சரிவைப் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்க வேண்டாம். சுவிஸில் பிள்ளை இல்லாத வீட்டை எங்கள் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். போன மாசியில் அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். காலில் பனிப்பாதணி, பின்னால் வெள்ளை வெளேரென்ற மலைச்சரிவு. “கவனம் மருமகன்” என்றேன். “பயமில்லை மாமா, ஏற்கெனவே ஆள் போன தடம் இருக்கிறது” என்று பதில் வந்தது.

முதல் தவறு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. நமக்கும் அது பழகிய தவறு. மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது, முன்னே ஒரு வாகனம் போய்விட்டால் நாமும் இறங்கிவிடுகிறோம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மாணவர்களோடு உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்த பிறகும் இறங்குகிறோம்.

பனி அதைவிடப் பொல்லாதது. ஒரு தட்டில் சீனியைத் தூவி, மேலே ஒரு ரொட்டியை வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ரொட்டி முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். மலையிலும் அடியில் சீனி போல உதிரியான பனிப்படை இருக்கும். மேலே காற்றில் இறுகிய பாளம். பாளம் ஓரிடத்தில் தடிப்பு, இன்னோரிடத்தில் மெலிவு. தடித்த இடத்தால் பத்துப் பேர் போயிருக்கலாம். பதினோராவது ஆள் மெலிந்த இடத்தில் கால் வைத்தால் பாரம் அடியிலுள்ள உதிரிப் பனிக்கு இறங்கி, வெடிப்பு கண் இமைக்கும் நேரத்தில் ஓடி, சரிவே பெயர்ந்துவிடும்.

பனிச்சரிவு எங்கோ உச்சியில் கிளம்பி இரைந்துகொண்டு வரும் என்று நினைப்பது அடுத்த தவறு. களவெட்டியில் பொலி சரிவது போல என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில், தாங்களோ கூட வந்தவர்களோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் அகப்படுகிறார்கள். காலடியில் பனி ‘வும்’ என்று அமுங்கினாலோ, பாதத்திலிருந்து வெடிப்பு ஓடினாலோ திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

பனி கொட்டி ஓய்ந்து, முதல் வெயில் எறிக்கும் நாளில் எல்லோருக்கும் மலையேற ஆசை வரும். அந்த நாள்தான் மோசம். கல்லடிக் கடற்கரையில் காற்று மணலை வேலியின் மறைவில் குவிப்பது போல, மலையிலும் முகட்டின் மறுபக்கத்தில் பனியை ஏற்றி வைத்திருக்கும்.

சுவிஸின் டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆபத்துக்கு ஐந்து படிகள். மூன்றாம் படி என்றதும் ‘நடுத்தரம்தானே’ என்று நம்மவர்கள் பரீட்சைப் புள்ளியைப் போலக் கணக்குப் போடுகிறார்கள். சுவிஸில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி நடப்பது அந்த மூன்றாம் படி நாட்களில்.

ஹெலிகொப்டர் வரும் என்ற நம்பிக்கையும் கூடாது. 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் பிழைப்பவர் சிலரே. சரிந்து நின்ற பனி கொங்கிரீட் போல இறுகிவிடும், கையால் கிளற முடியாது. ஆகவே புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோல், தோண்டச் சவள் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கருவியை வீட்டிலிருந்து கிளம்பும்போதே இயக்கி, பைக்குள் போடாமல் உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து அவரே புதைந்தால் யார் தேடுவது?

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 பாகைக்கு மேல் சாய்ந்த இடங்களில்தான் கிளம்புகின்றன. அதன் அடிவாரத்துச் சமதரையும் பாதுகாப்பல்ல. சுவிஸ் அரசின் இணைய வரைபடத்தில் இத்தகைய சரிவுகளை நிறமிட்டுப் பார்க்கலாம். மருமகனிடம் அவன் நின்ற இடத்தை அதில் பார்க்கச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பதில் வந்தது.

“முப்பத்தாறு, மாமா.”