தண்ணீர் ‘லீக்’ ஆகிறதா, ‘டிரிப்’ ஆகிறதா?

வாடகை வீட்டின் குழாய்ப் பழுதை ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாவற்றுக்கும் ‘லீக்’ என்றே போட்டுவிடுகிறோம். ஓட்டை, விரிசல் வழியாக வெளியேறினால்தான் அது ‘லீக்’. துளித்துளியாக விழுந்தால் ‘டிரிப்’. மெல்லிய இழையாக வழிந்தால் ‘டிரிக்கிள்’. சுவருக்குள் ஊறிக் கசிந்தால் ‘சீப்’. குழாய் உடைந்து பீறிட்டுக் கொட்டினால் ‘கஷ்’. பிளம்பர் இப்போதே ஓடி வரவேண்டுமா, நாளை வந்தால் போதுமா என்பதை இந்த ஒரு சொல்லே அவருக்குச் சொல்லிவிடும்.

வேண்டுமென்றே ஊற்றுவது ‘போர்’, கைதவறிக் கொட்டுவது ‘ஸ்பில்’. விருந்தினருக்கு டீயை ‘ஸ்பில்’ செய்ததாக எழுதினால், அவர் சட்டையைப் பற்றித்தான் படிப்பவர் கவலைப்படுவார். சீழ், சேறு போன்ற கெட்டியானவை மெல்லப் பிதுங்கி வந்தால் ‘ஊஸ்’.

நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் இறந்தகாலம். தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது என்பதற்கு ‘ஓவர்ஃப்ளோன்’ என்று எழுதுகிறார்கள். அது பறப்பதைக் குறிக்கும் ‘ஃப்ளை’யின் குடும்பம், தொட்டி எங்கே பறந்தது? ‘ஓவர்ஃப்ளோ’வின் கடைசியில் ‘இ’, ‘டி’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் போதும். ‘ஸ்பில்’லுக்கு அந்தக் கவலை இல்லை: ‘ஸ்பில்டு’, ‘ஸ்பில்ட்’ இரண்டும் சரி, அமெரிக்காவில் முதலாவதே வழக்கம்.