குடியுரிமை நேர்காணல் முடிந்தது, முடிவு வரவில்லை: என்ன செய்யலாம்?

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலின் முடிவில் குடிவரவுத் துறை (USCIS) அதிகாரி என்-652 என்ற முடிவுத் தாளைக் கொடுப்பார். எழுந்து வருமுன் அதைப் படியுங்கள். ஒப்புதலுக்குப் பரிந்துரை என்ற கட்டத்தில் குறி இருந்தால், மிச்சம் இறுதி ஒப்புதலும் உறுதிமொழி ஏற்பும் மட்டுமே. ‘இப்போது முடிவெடுக்க இயலாது’ என்றிருந்தால் காரணத்தை அங்கேயே கேளுங்கள். ஆவணம் குறைகிறதா, பின்னணிச் சோதனை பாக்கியா, மேலதிகாரி பார்க்க வேண்டுமா என்பதைப் பொறுத்தே அடுத்த வேலை.

ஆவணம் கேட்டால் கடிதத்தில் உள்ள கெடுவுக்குள் அனுப்பி, நகலும் அனுப்பியதற்கான ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலோ குடிமையியலிலோ தவறியிருந்தால் 60 முதல் 90 நாட்களுக்குள் தவறிய பகுதிக்கு மட்டும் மறுதேர்வு.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியது 120-ஆவது நாள். நேர்காணல் நாளிலிருந்து எண்ணுங்கள், விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல. பலர் தவறுவது இங்கேதான். அதற்குள் முடிவு வராவிட்டால், குடிவரவுச் சட்டத்தின் 336(பி) பிரிவின்படி கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். நீதிமன்றம் தானே தீர்மானிக்கலாம், அல்லது உத்தரவோடு துறைக்கே திருப்பி அனுப்பலாம். அதற்கு முன் துறையின் தளத்தில் உள்ள உங்கள் இணையக் கணக்கு வழியாக விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் அவர்களால் உங்கள் கோப்பைப் பற்றிக் கேட்க முடியாது. பெரும்பாலும் வழக்கறிஞர் செலவுக்கு முன் இதைச் செய்வதே நல்லது.

வீடு மாறினால் 10 நாட்களுக்குள் துறைக்குத் தெரிவியுங்கள். அஞ்சலகத்தில் மட்டும் சொன்னால் போதாது. உறுதிமொழி அழைப்பு பழைய வீட்டுக்கே போய்விடும்.

நிராகரித்தால் 30 நாட்களுக்குள் என்-336 படிவம் தந்து மறுவிசாரணை கோரலாம்.

ஒப்புதல் வந்தாலும் உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் குடிமகன் அல்ல. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது வாக்காளர் பதிவுக்கான கட்டத்தில் கைதவறிக்கூடக் குறியிடாதீர்கள்; அந்த ஒரு குறி விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடலாம். அழைப்பிதழான என்-445-இன் பின்பக்கத்தில் நேர்காணலுக்குப் பிறகு செய்த வெளிநாட்டுப் பயணம், திருமணம், மணமுறிவு, போக்குவரத்து அபராதம் பற்றிய கேள்விகள் இருக்கும். அவற்றை விழா நாளன்றே நிரப்புங்கள். முன்கூட்டி எழுதினால் இடையில் நடந்தது விட்டுப்போகும்.

விழாவில் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், அந்த இடைவெளியில் வெளிநாட்டு டிக்கெட் எடுக்காதீர்கள்.